எந்தப் புரதத்தோடு இணைப்பது? பளிங்காக்கலுக்குத் துணைப் புரதம் தெரிவுசெய்தல்

புரதத்தை ஈ.கோலை பற்றீரியாவில் வளர்த்தாயிற்று, தூய்மையாக்கியும் ஆயிற்று, கிண்ணத் தட்டில் துளிகளும் வைத்தாயிற்று. எக்ஸ் கதிரில் புரதத்தின் வடிவத்தைக் காணப் பளிங்கு வேண்டும்; வாரங்கள் கடந்தும் அது வரவில்லை. இந்த இடத்துக்கு வந்து சேராத கட்டமைப்பு உயிரியல் மாணவரைக் காண்பது அரிது. அப்போது எழும் கேள்வி இது: புரதத்தை அப்படியே வைத்துக்கொண்டு தொடர்ந்து முயல்வதா, அல்லது நன்றாகப் பளிங்காகும் வேறொரு புரதத்தோடு ஒரே சங்கிலியாகக் கோத்து, இணைவுப் புரதமாக முயல்வதா? இணைப்பதென்றால் எதோடு?

பேராதனையில் முதுதத்துவமாணிப் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் ஹட்டன் தங்கை ஒருத்தி இதையே என்னிடம் கேட்டாள். "அக்கா, எம்பிபியா, டி4 லைசோசைமா? எந்தப் பிளாஸ்மிட்டை ஓடர் செய்யட்டும்?" எம்பிபியும் டி4 லைசோசைமும் இப்படித் துணையாகப் பயன்படும் புரதங்கள்; பிளாஸ்மிட் என்பது மரபணுவைப் பற்றீரியாவுக்குள் கொண்டுபோகும் டிஎன்ஏ வளையம். அவள் கையில் இருப்பது தேயிலையில் கொப்புள வெளிறல் நோயை உண்டாக்கும் பங்கசு சுரக்கும் ஒரு சிறு புரதம்; அளவு ஏறத்தாழ 12 கிலோடால்டன் (புரதத்தின் எடையைச் சொல்லும் அலகு). அவளுக்குச் சொன்ன பதிலை விரித்து எழுதினால், மலைநாட்டுச் சிறு ஆய்வுகூடங்களில் இதே முடிவை எடுக்கவேண்டிய மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இந்தக் கட்டுரை.

அந்தப் பங்கசைப் பற்றி இரண்டு வரி. கொப்புள வெளிறல் 1946இல் இலங்கைக்கு வந்தது. பனியும் ஈரமும் நிற்கும் மாதங்களில், பறிக்க வேண்டிய இளங்கொழுந்தையே அது பிடிக்கிறது. முதலில் ஒளி ஊடுருவும் சிறு புள்ளி, பிறகு இலையின் கீழ்ப்புறம் வெண்பட்டுப் போர்த்ததுபோல் புடைத்த கொப்புளம். செப்பு மருந்து தெளித்துத்தான் இன்றுவரை பெரும்பாலும் காலம் தள்ளுகிறோம். 1869இல் வந்த ஒரு துருநோய் இந்த மலைகளிலிருந்து கோப்பியையே துடைத்தெறிந்தது. நம் முன்னோர் கோப்பித் தோட்டத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு மாறிய வரலாற்றின் பின்னணியில் அந்தப் பங்கசும் இருக்கிறது. ஆகவே தேயிலைப் பங்கசு ஒன்றின் புரதம் எந்த வடிவில் இருக்கிறது, இலைக்குள் எதைப் போய்ப் பிடிக்கிறது என்று அறிவது எமக்கு வெறும் ஏட்டுக் கல்வி அல்ல.

பளிங்கு ஏன் வர மறுக்கிறது

தேயிலை மலைகளில் மண் சரியாமல் கட்டியிருக்கும் கல்கட்டைப் பாருங்கள். சாந்து கிடையாது, கல்லின் முகம் கல்லின் முகத்தோடு பொருந்துவதால் நிற்கிறது. புரதப் பளிங்கும் அப்படித்தான் நிற்கிறது. ஒரு மூலக்கூறின் மேற்பரப்பில் உள்ள சில சிறு இடங்கள் அடுத்த மூலக்கூறைத் தொடுகின்றன. அந்தத் தொடுகைகள் எல்லாத் திசையிலும் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப அமைந்தால் பளிங்கு. மேற்பரப்பு முழுவதும் லைசின், குளுட்டமேற் போன்ற நீண்டு அலையும் பக்கச் சங்கிலிகளால் நிறைந்திருந்தாலோ, முனைகளில் ஒழுங்கற்ற வால்கள் தொங்கினாலோ பொருந்த முகம் கிடைப்பதில்லை. உருண்டைக் கல்லோடு சதுரமாகக் கொத்திய கல் ஒன்றைச் சேர்த்துக் கட்டினால் நிற்கலாம். ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று ஆடாமல் பிணைந்திருக்க வேண்டும். பிணைப்பு ஆடினால் கட்டும் சரியும்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் என் முழு வாதமும் இருக்கிறது. எந்தத் துணைப் புரதம் என்பதில் மாணவர்கள் செலவிடும் நேரத்தில் பாதியையாவது, இரண்டையும் கோக்கும் நாலைந்து அமினோ அமிலங்களில் செலவிட வேண்டும். துணையைத் தெரிவுசெய்வது சுலபம். இணைப்பியைத் தெரிவுசெய்வதில்தான் வெற்றியும் தோல்வியும் தங்கியிருக்கின்றன.

துணைப் புரதத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. எக்ஸ் கதிர்ப் பரிசோதனையில் புள்ளிகளின் செறிவு மட்டும் பதிவாகிறது, அவத்தை (அலை எந்தக் கட்டத்தில் வந்து சேர்ந்தது என்பது) பதிவாவதில்லை; வடிவத்தைக் கணக்கிட இரண்டும் வேண்டும். கட்டமைப்பு ஏற்கெனவே தெரிந்த துணைப் புரதம் உள்ளே இருந்தால், அதை மாதிரியாக வைத்து மூலக்கூற்று மாற்றீட்டு முறையில் அவத்தையை மீட்கலாம். முன்பு இது மிகப் பெரிய காரணமாக இருந்தது. அமினோ அமில வரிசையிலிருந்து புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் நிரல் 2021இல் எல்லோருக்கும் கிடைத்த பிறகு, கணித்த மாதிரியே பல வேளைகளில் அவத்தையைத் தந்துவிடுகிறது. ஆகவே அவத்தைக்காக மட்டும் இணைவுப் புரதம் செய்யும் காலம் போய்விட்டது. பளிங்குக்காகச் செய்யும் காலம் போகவில்லை.

மோல்டோஸ் பற்றும் புரதம்

சுருக்கமாக எம்பிபி. ஈ.கோலையில் இரு மென்சவ்வுகளுக்கு இடையே வாழும் புரதம். 370 அமினோ அமிலங்கள், சுமார் 41 கிலோடால்டன். தன்னோடு கோத்த புரதத்தைக் கரைசலில் நிறுத்திவைப்பதில் இதற்கு நல்ல பெயர். அமைலோஸ் நிரலில் ஒட்டிக்கொள்ளும், மோல்டோஸ் ஊற்றினால் கழன்று வரும். தூய்மையாக்கலுக்கென்று விலை உயர்ந்த பொருள் தேவையில்லை. பங்கசு சுரக்கும் புரதங்களில் சிஸ்டைன் என்னும் அமினோ அமிலங்கள் பல சோடிகளாகப் பிணைந்திருப்பது வழக்கம், ஈ.கோலையின் கலத்துக்குள் அந்தப் பிணைப்புகள் இலகுவில் உருவாகா. எம்பிபியின் சொந்தச் சமிக்ஞைத் தொடரையும் (புரதத்தை எங்கே அனுப்புவது என்று சொல்லும் முன்துண்டு) சேர்த்து வைத்தால் இணைவுப் புரதம் முழுவதுமே மென்சவ்வு இடைவெளிக்கு ஏற்றுமதியாகிறது. அங்கே பிணைப்புகள் உருவாக வழி உண்டு. தங்கையின் புரதத்துக்கு இது ஒன்றே எம்பிபியை முதலிடத்தில் வைக்கப் போதுமான காரணம்.

ஆனால் கடையில் கிடைக்கும் வழக்கமான எம்பிபி பிளாஸ்மிட்டை அப்படியே எடுத்துப் பளிங்குக்கு முயல்வது வீண் வேலை. அதில் எம்பிபிக்கும் இலக்குக்கும் (நாம் வடிவம் காண விரும்பும் புரதம்) இடையே பத்து அஸ்பரஜின்கள் வரிசையாக நிற்கின்றன. அதன் பின் நொதியம் வெட்டுவதற்கான தொடர் வேறு. தூய்மையாக்கிய பின் எம்பிபியை வெட்டி எறிவதற்காக அமைத்தது அது. நீண்ட நெகிழ்வான கழுத்து இருந்தால் வெட்டும் நொதியத்துக்கு வசதி. பளிங்குக்கோ அதுவே பகை. இரு பாதிகளும் ஒவ்வொரு மூலக்கூறிலும் வெவ்வேறு கோணத்தில் திரும்பி நிற்கும்.

1999இல் மனித ரி-கல வெண்புற்று வைரசின் ஜிபி21 புரதத்தின் கட்டமைப்பு எம்பிபி இணைப்பாகவே வெளிவந்தது. அங்கே இடையில் இருந்தவை வெறும் மூன்று அலனின்கள். அலனின் சுருளி அமைப்பை விரும்புவது. எம்பிபியின் கடைசிச் சுருளி அந்த மூன்றின் வழியே நீண்டு இலக்குக்குள் விறைப்பாக இறங்குகிறது. பின்னர் இதை மேலும் செப்பனிட்டார்கள். எம்பிபியின் வால் சுருளியில் 359, 362, 363ஆம் இடங்களில் இருந்த மின்னேற்றமுள்ள அமினோ அமிலங்களை அலனினாக மாற்றி, கடைசி நான்கை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் ஓர் அஸ்பரஜினும் மூன்று அலனின்களும் வைத்தார்கள். 2010இல் எம்பிபியின் மேற்பரப்பிலும் சில இடங்களை அலனினாக்கிய வடிவம் வந்தது. அது சாதாரண எம்பிபியைவிடத் தொடுகை முகங்களை எளிதில் தருகிறது. நான் சொல்லும் எம்பிபி இந்த வடிவம்தான்.

இனி இலக்கின் பக்கம். இலக்குப் புரதத்தின் தொடக்கத்தில் பத்துப் பதினைந்து அமினோ அமிலங்கள் ஒழுங்கில்லாமல் தொங்கினால், மறுபக்கம் எவ்வளவு விறைப்பாக இருந்தும் பயனில்லை. ஆல்ஃபாஃபோல்டை நான் மிகுதியாக மெச்சுவது இந்த வேலைக்கே. கணிப்பில் ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் நம்பகப் புள்ளி தரப்படுகிறது. தொடக்கத்தில் புள்ளி 70க்குக் கீழே கிடக்கும் பகுதியை வெட்டிவிட்டு, எங்கே உறுதியான சுருளியோ இழையோ தொடங்குகிறதோ அங்கே கோக்க வேண்டும். எல்லை எங்கே என்பது ஓர் அமினோ அமிலம் முன்பின் ஆனாலும், சுருளியில் அது 100 பாகை திருப்பம். அதாவது இலக்கு எம்பிபிக்கு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதே மாறிவிடுகிறது. ஆகவே ஒரே ஒரு வடிவத்தைச் செய்து அது பளிங்காகவில்லை என்றதும் எம்பிபியைக் கைவிடக் கூடாது. தொடக்கத்தை ஒவ்வோர் அமினோ அமிலமாக நகர்த்தி மூன்று நான்கு வடிவங்கள் செய்ய வேண்டும். அதற்கு வேண்டிய பிரைமர்கள் (மரபணுவைப் பெருக்கும் குறும் டிஎன்ஏ துண்டுகள்) மலிவு, இறக்குமதி செய்யும் தட்டுகளும் கரைசல்களும் மலிவல்ல.

மோல்டோஸ் பற்றி முன்கூட்டியே ஒரு தீர்மானத்துக்கு வாருங்கள். சீனி இல்லாதபோது எம்பிபியின் இரு மடல்களும் திறந்திருக்கும். சீனியைப் பற்றியதும் ஏறத்தாழ 35 பாகை மூடிக்கொள்கின்றன. பாதி மூலக்கூறுகள் திறந்தும் பாதி மூடியும் இருக்கும் கரைசலில் நல்ல பளிங்கை எதிர்பார்க்க முடியாது. அமைலோஸ் நிரலிலிருந்து மோல்டோசால் கழற்றிய புரதத்தை அரைகுறையாகக் கூழ்பிரித்துவிட்டு அப்படியே துளி வைப்பதைக் காண்கிறேன். தாங்கற் கரைசலில் ஒரு மில்லிமோலர் மோல்டோஸ் நிலையாக இருக்கும்படி வைத்துக்கொள்வதே எளிது.

எம்பிபியின் குறைகளை மறைக்க மாட்டேன். முதலாவது, அது சில வேளை பொய் சொல்லும். சரியாக மடியாத இலக்கையும் கரைசலில் நிறுத்திவைக்கக்கூடியது அது. ஜெல்லில் தடித்த அழகான பட்டை தெரியும். மூலக்கூறுகளை அளவுப்படி பிரித்து, பெரியதை முதலில் வெளியே விடும் அளவுவாரி நிரலில் போட்டால் புரதம் முழுவதும் தொடக்கத்திலேயே, திரள்களாக வெளியே வந்துவிடும். ஆகவே அந்த நிரலை ஓட்டாமல் ஒரு துளிகூட வைக்க வேண்டாம். 53 கிலோடால்டனுக்குரிய இடத்தில் ஒற்றை, சமச்சீரான மேடு தெரிந்தால் மட்டும் மேலே போகலாம்.

இரண்டாவது குறை மனத்தை உடைப்பது. இணைவுப் புரதம் வாரக்கணக்கில் துளியில் கிடக்கும்போது கழுத்தில் அறுந்து, எம்பிபி மட்டும் தனியே பளிங்காகலாம். நுணுக்குக்காட்டியில் கண்ணைப் பறிக்கும் தட்டையான பளிங்குகள். கதிரிலும் நன்றாகச் சிதறும். வரைபடத்தில் இலக்கு இருக்க வேண்டிய இடத்தில் வெறுமை. இதைத் தவிர்க்க ஒரு சிறு சோதனை போதும். பளிங்கு ஒன்றை வளையத்தால் எடுத்து, புதிய தாய்க் கரைசல் (பளிங்கு வளர்ந்த கரைசல்) துளிகளில் ஒன்றன்பின் ஒன்றாக நனைத்துக் கழுவ வேண்டும்; ஒட்டியிருக்கும் கரைந்த புரதம் போகும்வரை. பிறகு நீரில் கரைத்து ஜெல்லில் ஓட்டி வெள்ளிச் சாயம் ஏற்றினால், பட்டை 53இல் நிற்கிறதா 41இல் நிற்கிறதா என்று அன்றே தெரிந்துவிடும். வெளிநாட்டு எக்ஸ் கதிர் நிலையம் ஒன்றில் நேரம் கேட்டு விண்ணப்பிக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

மூன்றாவது, பங்கு. 10 மில்லிகிராம் இணைவுப் புரதத்தில் இலக்கு 2 மில்லிகிராம் சொச்சம்தான், மிகுதி எம்பிபி. சிதறலிலும் நான்கில் மூன்று பங்குக்கு மேல் எம்பிபியுடையது. இலக்கு அரைகுறையாக அசைந்துகொண்டிருந்தாலும் மொத்தப் பொருத்தக் கணக்கு நன்றாகவே வரும். ஆகவே அந்த ஒற்றை எண்ணைப் பார்த்துத் திருப்திப்படாமல், இலக்குப் பகுதியின் எலெக்ட்ரோன் அடர்த்தியை மட்டும் தனியே பார்க்க வேண்டும்.

டி4 லைசோசைமும் பிரிலும்

இந்த இரண்டின் புகழும் மென்சவ்வுப் புரதங்களால் வந்தது. மென்சவ்வுக்குள் அமிழ்ந்திருக்கும் வாங்கிகளில் (கலத்துக்கு வரும் சமிக்ஞையைப் பெறும் புரதங்கள்) நீர்ப்பக்கம் எட்டிப்பார்க்கும் பரப்பு மிகக் குறைவு. தொடுகைக்கு முகமே இல்லை. 2007இல் பீட்டா2 அட்ரினலின் வாங்கியின் மூன்றாவது உள்வளையத்தை எடுத்துவிட்டு, அங்கே டி4 லைசோசைமைச் செருகி 2.4 ஆங்ஸ்ட்ரம் நுணுக்கத்தில் (எண் சிறிதானால் விவரம் தெளிவு) கட்டமைப்பைக் கண்டார்கள். லைசோசைமின் இரு முனைகளும் அருகருகே இருப்பதால் வளையத்துக்குள் பொருந்தியது. பிரயன் கோபில்கா 2012இல் ரொபர்ட் லெஃப்கோவிட்சோடு வேதியியல் நோபல் பரிசு பெற்றதன் பின்னணியில் இந்த வேலைக்கும் இடம் உண்டு.

பிரில் என்பது சைட்டோகுரோம் பி562 என்னும் பற்றீரியப் புரதத்தின் நிலைப்படுத்திய வடிவம். 106 அமினோ அமிலங்கள், நான்கு சுருளிகள் கட்டாக நிற்கும். டி4 லைசோசைமுக்கு இரு மடல்கள் உண்டு, அவை கொஞ்சம் அசையும். பிரிலில் அந்தத் தொல்லை குறைவு. அடினோசின் ஏ2ஏ வாங்கியின் கதை இதை நன்றாகக் காட்டுகிறது. 2008இல் லைசோசைமோடு 2.6 ஆங்ஸ்ட்ரம், 2012இல் அதே மருந்துமூலக்கூறு பொருந்திய நிலையில் பிரிலோடு 1.8 ஆங்ஸ்ட்ரம். உள்ளே இருந்த சோடியம் அயனும் நீர்மூலக்கூறுகளும் கண்ணுக்குத் தெரிந்தன. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் மற்ற நுட்பங்களும் வளர்ந்தன என்றாலும், மென்சவ்வு வாங்கிக்கு இன்று முதலில் எதை எடுப்பீர்கள் என்று கேட்டால் பிரில் என்றே சொல்வேன்.

மலைநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் இந்தப் பாதையில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த வாங்கிகளைப் பூச்சிக் கலங்களில் வளர்க்க வேண்டும், பளிங்கைக் கொழுப்பு ஊடகத்துக்குள் வளர்க்க வேண்டும். இரண்டுக்கும் ஆளும் பணமும் தேவை. ஆனால் பிரிலைக் கரையும் புரதங்களோடும் கோக்கலாம். இலக்கின் தொடக்கம் எம்பிபிக்கு ஒத்துவராமல், முடிவுப்பக்கம் நல்ல சுருளியாக இருந்தால், அந்தச் சுருளியைப் பிரிலின் முதற் சுருளிக்குள் நீட்டுவது அருமையான வழி. பிரில் சிறியது, ஈ.கோலையிலேயே வளரும், இலக்கின் பங்கும் பாதியளவு இருக்கும்.

விரைவாகக் கடக்கக்கூடியவை

குளுட்டாதயோன் எஸ்-டிரான்ஸ்பெரேஸ் தூய்மையாக்கலுக்கு எல்லோரிடமும் இருக்கிறது. கையில் இருக்கிறதே என்று அதைப் பளிங்குக்கும் எடுக்கிறார்கள். அது இரட்டையாகவே வாழும் புரதம். இலக்குகள் இரண்டும் இழுபட்டு ஒன்றையொன்று நெருங்கும், கழுத்தும் நெகிழ்வானது. 1994இல் எச்ஐவியின் ஜிபி41 துண்டு ஒன்றை இதனோடு கோத்துக் கட்டமைப்புக் கண்டது உண்மை. ஆனால் அது குறும் துண்டு. முழுப் புரதத்துக்கு வேண்டாம்.

தயோரெடாக்சின் 12 கிலோடால்டன்தான். 2008இல் இதையும் துணையாக வைத்துப் பளிங்கு கண்டார்கள். சிஸ்டைன் பிணைப்புகளுள்ள இலக்குக்குக் கவர்ச்சியாகத் தோன்றும். எம்பிபி வழி முழுவதும் அடைபட்ட பின்தான் முயலத் தகுந்தது.

சூமோ என்னும் சிறு புரதத்தைப் பளிங்குத் துணையாக நினைக்க வேண்டாம். அதன் பலம் வேறு: வெட்டும் நொதியம் அதன் மடிப்பையே அடையாளம் காண்பதால், வெட்டியபின் இலக்கில் ஒரு அமினோ அமிலம்கூட எஞ்சுவதில்லை. இலக்கைத் தனியே பளிங்காக்கும் பாதைக்கு அது சிறந்த வாகனம்.

டெல்சாம் புதியது, என் ஆர்வத்தைத் தூண்டுவது. மனித வெண்புற்றோடு தொடர்புடைய ஒரு புரதத்தின் சிறு பகுதி; தானாகவே ஆறு அலகுக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் சங்கிலியாகத் திரளும். ஓரிடத்தில் வேலினை குளுட்டமேற்றாக மாற்றியதால், காரப்பக்கம் தனித்தனியாகக் கரைந்திருக்கும். அமிலப்பக்கம் போனால் கோத்துக்கொள்ளும். பளிங்கின் ஒரு திசை ஏற்கெனவே கட்டிவைத்ததுபோல் கிடைக்கிறது. குறைந்த செறிவிலும் பளிங்கு வந்திருக்கிறது. நெகிழ்வான இணைப்பியோடும் சில இலக்குகள் பளிங்காகியிருக்கின்றன. விறைப்பைப் பற்றி நான் மேலே சொன்னதற்கு இது ஒரு விலக்கு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சங்கிலியே ஒழுங்கைத் தருவதால் கழுத்தின் மீதான பாரம் குறைகிறது. இருந்தும் கையாள்வதற்கு அனுபவம் வேண்டும். நடுநிலையான பீஎச்சில் தூய்மையாக்கும்போதே திரண்டு கையை விட்டுப் போகலாம். அருகில் தெரிந்தவர் ஒருவர் இல்லாமல் முதல் ஆய்வுத் திட்டமாக எடுக்க வேண்டாம்.

இணைக்காமலே முடியுமா?

இதை முதலிலேயே கேட்க வேண்டும். பலர் கேட்பதில்லை. வாலை வெட்டிய, எல்லை திருத்திய இலக்கு தானாகவே பளிங்காகிவிட்டால் அதைவிட நல்லது எதுவும் இல்லை: முழுச் சிதறலும் இலக்குடையது, இணைப்பு அதன் பிணைப்பிடத்தை மறைத்திருக்குமோ என்ற சந்தேகமும் இல்லை. மேற்பரப்பில் அடுத்தடுத்து நிற்கும் லைசின், குளுட்டமேற் கூட்டங்களை அலனினாக மாற்றும் முறையும் இருக்கிறது. இரண்டு மூன்று விகாரங்கள் போதும். துளியில் ஆயிரத்துக்கு ஒரு பங்கு கைமோட்டிரிப்சின் என்னும் புரதம் வெட்டும் நொதியத்தைக் கலந்து, தொங்கும் வால்களைத் துளிக்குள்ளேயே மேயவிடும் முறை இன்னும் மலிவு. ஒரே நாளில் செய்து பார்க்கலாம்.

ஆல்ஃபாஃபோல்ட் இருக்கும்போது பளிங்கு எதற்கு என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். உறவுத் தொடர்கள் (உறவுப் புரதங்களின் அமினோ அமில வரிசைகள்) நிறையக் கிடைக்கும் நொதியத்துக்கு அந்தக் கணிப்பை நம்பலாம். நோய்ப் பங்கசுகள் சுரக்கும் சிறு புரதங்கள் வேகமாகப் பரிணமிப்பவை; ஒப்பிட உறவுத் தொடர்கள் குறைவு, ஆகவே நம்பகப் புள்ளியும் பல வேளை தாழ்ந்தே கிடக்கும். தங்கையின் புரதமும் அந்த வகை. குளிர்மின்னணு நுணுக்குக்காட்டிக்கு 12 கிலோடால்டன் மிகச் சிறிது. காந்தப் பரிவு முறைக்கு அளவு பொருந்தும். ஆனால் நைதரசன்-15, காபன்-13 ஏற்றிய ஊடகமும் பெரிய காந்தமும் வேண்டும்.

மலைநாட்டில் வைத்துப் பார்த்தால்

துணையைத் தெரிவுசெய்யும்போது இங்குள்ள நிலைமையையும் தராசில் வைக்க வேண்டும். தட்டுகள், கரைசல் தொகுதிகள் யாவும் இறக்குமதி. கையால் ஒரு மைக்ரோலீற்றராக 96 துளி வைத்தால் ஏறத்தாழ 0.1 மில்லிலீற்றர், அதாவது 10 மி.கி./மி.லீ. செறிவில் ஒரு மில்லிகிராம் புரதம் ஒரே தட்டில் போய்விடும். எம்பிபி இணைவு தாராளமாக விளைவதால் இந்தச் செலவைத் தாங்கும். தனித்த இலக்கு பெரும்பாலும் தாங்காது.

அடுத்தது மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். துளிக்குள் நீராவி மெல்ல நகர்ந்து சமநிலை அடையும் நாட்களில் வெப்பநிலை ஏறி இறங்கினால் நுண்பளிங்கு மழைபோலக் கொட்டும், அல்லது வளர்ந்தது கரையும். 4 பாகையில் வளரும் பளிங்கைத் தேடுவதைவிட, அறை வெப்பநிலையில் வளரும் வடிவத்தைத் தேடுவது இங்கே புத்தி. தட்டுகளைத் தடித்த ரெஜிபோம் பெட்டிக்குள், தரையோரத்தில் வையுங்கள். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகை. கண்டியைவிட அங்கே இதற்கு வாய்ப்பு அதிகம் என்பது என் எண்ணம்.

வலிமையான எக்ஸ் கதிர் தரும் சிங்க்ரோட்ரான் எம் நாட்டில் இல்லை. இந்தியாவில் இந்தூரின் இண்டஸ்-2இல் புரதப் பளிங்குகளுக்கான கதிர்வழி இருக்கிறது, மெல்பேர்ணிலும் இருக்கிறது. இரண்டுக்கும் திரவ நைதரசனில் உறையவைத்து அனுப்ப வேண்டும். பளிங்கு பயணத்தைத் தாங்க வேண்டும், உறைகாப்புக் கரைசலும் உள்ளூரிலேயே சரிபார்த்திருக்க வேண்டும். இந்த விடயத்தில் எம்பிபிக்குச் சலுகை எதுவும் கிடையாது. எல்லாப் பளிங்குக்கும் ஒரே வேதனைதான்.

என் தெரிவு

கரையும் சிறு புரதம், சிஸ்டைன் பிணைப்புகள் உள்ளது, ஆல்ஃபாஃபோல்ட் தடுமாறுவது: இதற்கு விறைப்பான இணைப்பியுள்ள, மேற்பரப்பு திருத்திய எம்பிபி. இலக்கின் தொடக்கத்தை ஒவ்வோர் அமினோ அமிலமாக நகர்த்திய நான்கு வடிவங்கள், மோல்டோஸ் எல்லாக் கரைசலிலும். அதே வாரத்தில், அதே பிரைமர் ஓடரில், சூமோவோடு ஒரு வடிவம். அதை வெட்டித் தனி இலக்காகவும் ஒரு தட்டு வைக்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நடத்துவதில் செலவு கொஞ்சம்தான் கூடும், காத்திருக்கும் மாதங்கள் பல மிச்சம்.

நொதியமாக இருந்து, 30 கிலோடால்டனுக்கு மேல் போனால், இணைப்பைத் தள்ளிவைத்துவிட்டு எல்லை திருத்தம், மேற்பரப்பு விகாரம், கைமோட்டிரிப்சின் மேய்ச்சல் என்ற வரிசையில் போங்கள். அந்த அளவில் இலக்குக்குத் தன் சொந்த முகங்கள் போதும். அலையும் துண்டுகளை அகற்றினால் அவை வெளிப்படும். மென்சவ்வுப் புரதமென்றால் பிரில், அதுவும் வெளிநாட்டுக் கூட்டாளி ஒருவரோடு.

எம்பிபி வடிவங்கள் நான்கும் தட்டில் தோற்றால் அடுத்த தெரிவு புதிய துணை அல்ல, புதிய இலக்கு: அதே குடும்பத்தில் உள்ள இன்னொரு பங்கசின் நெருங்கிய புரதம். தொடரில் பாதி மாறியிருந்தாலும் மடிப்பு ஒன்றாக இருக்கும், மேற்பரப்பு வேறாக இருக்கும். அதையும் அதே எம்பிபி பிளாஸ்மிட்டுக்குள் அதே வெட்டிடங்களில் செருகலாம் என்பதால், பிளாஸ்மிட்டை வடிவமைக்கும்போதே அந்த இடங்களை மாற்றிக்கொள்ள வசதியாக விட்டுவையுங்கள். தங்கை அந்த ஓடரை அனுப்பிவிட்டாள். இலக்கின் தொடக்கத்தை நகர்த்த நான்கு பிரைமர்களும் சூமோ வடிவத்துக்கு ஒன்றும் அதில் இருக்கின்றன.